குப்பி விளக்கும் சயிக்கிள் டைனமோவும்

கிடுகால் வேய்ந்த கொட்டிலில் பாய்க்குப் பக்கத்தில் வைத்த விளக்கு சரிந்தால், சில நிமிடங்களில் எல்லாம் சாம்பலாகிவிடும். இடம்பெயர்ந்து வரும்போது சுமந்துவந்த உடுப்புகளும் பிள்ளைகளின் கொப்பிகளும் மட்டுமல்ல, உயிரும் போகலாம். ஆகவே வெளிச்சத்தைப் பற்றிச் சிறிது படிப்போம்.

1. குப்பி விளக்கு ஏன் ஆபத்தானது?

பழைய போத்தல் உயரமானது, பாரம் குறைந்தது. திரியைத் தாங்கும் தகரம் அதன் வாயில் வெறுமனே செருகப்பட்டிருக்கும். கைபட்டால் போத்தல் விழும், உருளும். தகரம் கழன்று எண்ணெய் சிந்தித் தீப்பற்றும். எமது நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர இவ்வாறு எரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்தவர். அவர் 1992 இல் பாதுகாப்பான விளக்கொன்றை உருவாக்கினார். அது கட்டையானது, கண்ணாடி தடிப்பானது, இரு பக்கங்களும் தட்டையாக இருப்பதால் உருளாது, மூடி திருகிப் பூட்டுவது. இதற்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. நீங்களும் போத்தல் தெரியும்போது இந்த நான்கு குணங்களையும் பாருங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

- விளக்கை மணல் நிரப்பிய சட்டிக்குள் வையுங்கள்.
- எரியும்போது எண்ணெய் விடவேண்டாம். மண்ணெண்ணெயுடன் பெற்றோல் கலக்கவே கூடாது.
- நுளம்பு வலைக்குள் விளக்கைக் கொண்டுபோக வேண்டாம்.
- சுட்ட இடத்தில் 20 நிமிடம் ஓடும் குளிர்நீரை விட்டபின் வைத்தியரிடம் செல்லுங்கள். பற்பசை, எண்ணெய் பூசவேண்டாம்.
- பிள்ளை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

2. இல்லாமை கற்பித்த விஞ்ஞானம்

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. அப்போதுதான் ஜாம் போத்தல் விளக்கு வந்தது. போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையுமளவு எண்ணெய் விட்டுச் சிறு திரியை எரித்தார்கள். போத்தலே காற்றைத் தடுத்தது. அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் பலர்.

இளைஞர்களோ சயிக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவினால் வானொலி கேட்டார்கள். டைனமோவுக்குள் காந்தம் சுழல, கம்பிச் சுருளில் மின் பிறக்கிறது. சாதாரண டைனமோ 6 வோல்ற், 3 வாற் தரும். ஆனால் அது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். மின்குமிழுக்கு அது போதும். வானொலிக்கு நேரோட்டம் வேண்டும். நான்கு இருவாயிகளைப் பாலமாக இணைத்தால் மின் ஒரே திசையில் ஓடும். 1000 மைக்கிரோபரட், 25 வோல்ற் கொள்ளளவி ஒன்று அதன் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். கொள்ளளவியின் நேர், எதிர் முனைகளை மாற்றிப் பூட்டவேண்டாம். வேகமாகச் சுற்றினால் வோல்ற் உயர்ந்து வானொலி பழுதாகும். ஆகவே சயிக்கிள் மின்குமிழையும் டைனமோவுடன் எரியவிட்டு, மானியால் அளந்து பார்த்தபின்பே வானொலியை இணையுங்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ற். அதில் இப்படி விளையாடினால் உயிர் போகும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

3. மின்சாரம் கிடைத்தபின்

60 வாற் இழைக்குமிழ் தினமும் 4 மணி நேரம் எரிந்தால் 30 நாளில்:
60 × 4 × 30 = 7200 வாற்மணி = 7.2 அலகு.
9 வாற் எல்.ஈ.டி. குமிழ் எரிந்தால்:
9 × 4 × 30 = 1080 வாற்மணி = 1.08 அலகு.
மிச்சம் 6 அலகுக்கு மேல். அந்தக் காசு பிள்ளையின் கொப்பிக்கு உதவும்.

பத்துக் கன்னியர் உவமையில் ஐவரிடம் விளக்கு இருந்தது, எண்ணெய் இருக்கவில்லை. முன்யோசனைதான் வெளிச்சத்தைக் காக்கிறது.

குழுவாகக் கலந்துரையாட:

1. உங்கள் வீட்டு விளக்கை இன்றிரவு எங்கே வைப்பீர்கள்? ஏன்?
2. உங்கள் ஊரில் கழித்து எறியப்பட்ட எந்தப் பொருள்களால் பிள்ளைகள் விஞ்ஞானம் கற்கலாம்?