பூத்த கொடியில் காய் பிடிக்க: கண்வலிக்கிழங்குச் சாகுபடி



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வேலியோரப் புதர்களின் மேல் நெருப்புச் சுடர்போலப் பூத்து நிற்கும் செங்காந்தளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கார்த்திகைப்பூ என்பதும் இதுவே. கிழங்கு ஏர்க்கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும், பொதுவாகக் கண்வலிக்கிழங்கு என்றும் அழைக்கப்படுகிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பூக்களை வரிசைப்படுத்தும்போது காந்தளைத்தான் முதலில் வைத்தார். நம் மாநில மலரும் இதுவே.

வேலியில் கிடந்த இந்தப் பூங்கொடி இன்று மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, ஜெயங்கொண்டம், வேதாரண்யம் பகுதிகளில் பணப்பயிராகப் பயிரிடப்படுகிறது. இதன் விதையிலுள்ள கோல்சிசின் என்னும் பொருள் கவுட் எனப்படும் மூட்டுநோய்க்கு மருந்தாகிறது. செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க வல்லது என்று 1937-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டதிலிருந்து பயிர் ஆராய்ச்சியிலும் இது பயன்பட்டு வருகிறது. ஆகவே விதைக்கு மதிப்பு உண்டு. ஆனால் "கொடி கொள்ளாமல் பூத்தது, காயைத்தான் காணோம்" என்றும், "இரண்டாம் வருடம் பாதிக் கிழங்கு அழுகிவிட்டது" என்றும் இரண்டு முறையீடுகளை அடிக்கடி கேட்கிறோம். இரண்டுக்கும் காரணமும் உண்டு, வழியும் உண்டு.

கிழங்கு முதல், விதை வட்டி

ஒரு முறை நட்ட கிழங்கு நிலத்திலேயே இருந்து, ஆண்டுதோறும் முளைத்து, நான்கைந்து ஆண்டுகள் பலன் தரும். ஏக்கருக்கு 800 கிலோ கிழங்கு தேவைப்படும். சாகுபடிச் செலவில் பெரும்பங்கு இதற்கே போய்விடும். எனவே கிழங்கை முதலாகவும், விதையை அதன் வட்டியாகவும் கருதுங்கள். புதிதாக இறங்குபவர்கள் கடன் வாங்கி முழு ஏக்கர் நடுவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்வதில்லை. 10 சென்ட் நிலத்தில் 80 கிலோ கிழங்கு நட்டு ஒரு பருவம் பார்த்துவிட்டு, பிறகு விரிவுபடுத்துவதே நல்லது.

கிழங்கு வாங்கும்போது எடையை மட்டும் பார்த்தால் போதாது. கிழங்கு இரு கவையாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான் உண்டு. உருளைக்கிழங்கைப் போல உடம்பெல்லாம் கண் இருக்கும் என்று எண்ணி வெட்டி நட்டால் நட்டது மண்ணாகத்தான் போகும். நுனி நசுங்கிய கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் பயனில்லை. மூட்டையாகக் கட்டி, வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொண்டுவரும்போதுதான் இந்தச் சேதம் ஏற்படுகிறது. வைக்கோல் பரப்பிய கூடைகளில் கொண்டுவருவதே பாதுகாப்பானது. ஒவ்வொன்றும் 50 முதல் 60 கிராம் எடையுள்ளதாக, அழுகல் புள்ளியில்லாததாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுமுன் லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கார்பெண்டசிம் கலந்த கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தவும்.

நிலமும் நடவும்

வடிகால் வசதியுள்ள செம்மண், மணற்பாங்கான குறுமண் நிலங்கள் ஏற்றவை. களிமண் நிலத்தையும், மழைக்காலத்தில் ஒரு நாளாவது தண்ணீர் தேங்கும் நிலத்தையும் தவிர்த்துவிடுங்கள். கிழங்கழுகல் நோய்க்கு மருந்து சொல்லலாம். தண்ணீர் தேங்கும் நிலத்துக்கு மருந்து கிடையாது.

ஆனி, ஆடி மாதங்களில் நடவு செய்யலாம். நிலத்தை இரண்டு மூன்று முறை உழுது, ஏக்கருக்கு 4 டன் தொழு உரமிட்டு, 20 செ.மீ. ஆழத்தில் சால்கள் அமைக்கவும். சாலுக்குச் சால் 60 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 45 செ.மீ. இடைவெளியில், முளைக்கண்ணுக்குச் சேதம் வராமல் கிழங்கைப் படுக்கவைத்து, 6 முதல் 8 செ.மீ. மண் மூடுமாறு நடவேண்டும். நட்டவுடன் ஒரு தண்ணீரும், பின்னர் மண்ணின் ஈரத்தைப் பார்த்து ஐந்து நாட்களுக்கு ஒரு முறையும் பாய்ச்சலாம். மழை பெய்யும் வாரத்தில் மடையைத் திறக்க வேண்டாம்.

மண் பரிசோதனை செய்யாத நிலையில் ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 30 கிலோ சாம்பல் சத்து இடலாம். உரமாகக் கணக்கிட்டால் யூரியா 104 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 125 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ ஆகும். யூரியாவில் பாதியையும் மற்ற இரண்டு உரங்களை முழுவதும் அடியுரமாக இட்டு, மீதி யூரியாவை முதல் மாத முடிவிலும் இரண்டாம் மாத முடிவிலும் சரிபாதியாக இடவும்.

இக்கொடிக்குத் தனியே பற்றுக்கம்பிகள் இல்லை. இலையின் நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும். ஆதலால் தடித்த கழியைவிட மெல்லிய குச்சியும் கம்பியுமே இதற்குப் பிடித்தமானவை. முள்கிளுவையை உயிர்வேலியாக வளர்த்து அதன்மேல் ஏற்றுவது பழைய முறை. காய்ந்த விராலிக் குச்சிகளை நட்டும், கம்பிப்பந்தல் அமைத்தும் ஏற்றலாம். களை எடுக்கும்போது ஆட்களிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: குருத்து நுனி ஒடிந்தால் அந்தக் கொடியின் அவ்வாண்டுப் பலன் போனதுதான்.

பூவைத் தொட்டால்தான் காய்

நட்ட இரண்டு மாத அளவில் பூக்கத் தொடங்கும். ஒரு பூவைக் கையிலெடுத்துப் பாருங்கள். ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கியிருக்கும். ஆறு மகரந்தப்பைகள் சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும். பெண்பாகமாகிய சூல்தண்டு மட்டும் அடியிலேயே வளைந்து, மகரந்தப்பைகளுக்கு எட்டாமல் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கும். தன் மகரந்தம் தன்மேல் படாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. காட்டில் பூச்சிகளும் பறவைகளும் வந்து இந்த வேலையைச் செய்துவிடும். ஆயிரக்கணக்கான பூக்கள் ஒரே சமயத்தில் மலரும் தோட்டத்தில் அவற்றை நம்பியிருக்க முடியாது. பூ கொட்டுவதற்கும் காய் குறைவதற்கும் இதுவே முதற்காரணம். இதை அறியாமல் யூரியாவைக் கூட்டினால் இலைதான் கூடும்.

எனவே கையால் மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டும். காலை 8 மணி முதல் 11 மணி வரை ஏற்ற நேரம். பை வெடித்து மஞ்சள் தூள் வெளிப்பட்டுள்ள ஒரு பூவைப் பறித்து, அந்தத் தூளை வேறு கொடியிலுள்ள பூக்களின் சூல்தண்டு நுனியில் மெதுவாகத் தடவவும். அந்நுனி மூன்றாகப் பிரிந்திருக்கும். மூன்றிலும் தூள் படவேண்டும். பறித்த ஒரு பூவைக் கொண்டு பல பூக்களைத் தொடலாம். பூக்கள் ஒரே நாளில் மலராமல் கீழிருந்து மேலாகத் தொடர்ந்து மலர்வதால், பல வாரங்களுக்குத் தினமும் காலையில் ஆள் இருக்க வேண்டும். நடுமுன்பே இந்த ஆட்கூலியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆட்களே செய்யக்கூடிய அளவுக்கு மட்டும் நடுவது சிறு விவசாயிக்கு உகந்தது.

இதில் நம்பிக்கையில்லாதவர்கள் பத்துப் பூக்களுக்குத் தூள் தடவி, காம்பில் சிவப்பு நூல் கட்டட்டும். தடவாத பத்துப் பூக்களுக்கு வெள்ளை நூல் கட்டட்டும். இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தால் நான் சொல்ல வேண்டியதே இராது.

நோயும் புழுவும்

அடைமழைக் காலத்தில் இலைக்கருகல் தோன்றும். லிட்டருக்கு 2 கிராம் வீதம் மாங்கோசெப் கலந்து தெளிக்கலாம். இலையைத் தின்னும் லில்லிப் புழு பளிச்சென்ற நிறப்புள்ளிகளுடன் கண்ணில் படும். ஆரம்பத்திலேயே பொறுக்கி அழித்துவிட்டு, 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தால் போதும். மகரந்தம் தடவும் காலை நேரத்தில் எந்த மருந்தையும் தெளிக்காதீர்கள். கிழங்கழுகலைத் தடுக்க, ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 50 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலந்து இடலாம். நோய் கண்ட செடியைக் கிழங்கோடு தோண்டி அப்புறப்படுத்துவது அவசியம்.

அறுவடையும் விற்பனையும்

நட்ட 160 முதல் 180 நாட்களில் காய்கள் முற்றும். காயின் தோல் சுருங்கி, எடை குறைந்து, உள்ளே விதை ஆரஞ்சு நிறமாக மாறுவதே பக்குவம். பறித்த காய்களை நிழலில் பத்து நாள் பரப்பிவைத்தால் தாமே வெடிக்கும். விதையைப் பிரித்து, மேலும் ஒரு வாரம் நிழலில் உலர்த்தவும். ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ விதை எதிர்பார்க்கலாம். கொடி காய்ந்த பின் தண்ணீரை நிறுத்திக் கிழங்கை ஓய்வெடுக்க விடவும்.

இதன் விலை ஒரே நிலையில் நிற்பதில்லை. குறைந்தபட்ச ஆதரவு விலையும் இதற்குக் கிடையாது. பக்கத்துத் தோட்டத்தார் சென்ற ஆண்டு பெற்ற விலையை வைத்து இந்த ஆண்டு வரவைக் கணக்கிடாதீர்கள். நன்கு உலர்ந்த விதையைச் சில காலம் இருப்பு வைக்க இயன்றவர்களே இப்பயிரில் நிலைத்து நிற்கிறார்கள்.

எச்சரிக்கை

மருந்தாகும் இதே கோல்சிசின் கொடிய நஞ்சும் ஆகும். கிழங்கு, இலை, பூ, விதை எல்லாவற்றிலும் அது உண்டு. வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணி வேகவைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. வேகவைப்பதால் நஞ்சு போய்விடாது. தின்றவுடன் ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்குவதுதான் இதிலுள்ள ஏமாற்று. சாதாரண வயிற்றுக்கோளாறு என்று கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே விதைக்கிழங்கை அடுப்படியிலோ, சமையல் கிழங்கு வைக்கும் இடத்திலோ ஒருநாளும் வைக்காதீர்கள். பூட்டுள்ள அறையில், மூட்டையின்மேல் சிவப்புச் சாயத்தால் 'விஷம்' என்று எழுதி வையுங்கள். காய்த்தோலையும் காய்ந்த கொடியையும் ஆடு மாடு மேயும் இடத்தில் கொட்டக்கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிட வேண்டும். தோட்டத்துக்கு வரும் பிள்ளைகளுக்கும், புதிதாக வேலைக்கு வரும் ஆட்களுக்கும் கிழங்கைக் காட்டியே சொல்லிவையுங்கள். யாராவது தவறித் தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். மருத்துவருக்குக் காட்ட, மீதியிருக்கும் கிழங்குத் துண்டையும் கையோடு எடுத்துச் செல்லவும்.