பக்கத்து வண்டிக்காரர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஐரோப்பாவை மோட்டார்ஹோமில் தனியாகச் சுற்றப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். விசா கிடைத்ததா என்று கேட்பதற்கு முன்பே, “பேச்சுத்துணைக்கு யாரு?” என்ற கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்விதான். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாவற்றையும் கூடவே ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு ஓட்டல் வரவேற்பறையும் இல்லை, ரயிலில் எதிர் இருக்கையும் இல்லை. நினைத்தால் ஒருவரிடமும் வாய் திறக்காமல் நாலு நாட்டைக் கடந்துவிடலாம்.

இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்களில் பாதி, கிளம்பவிடாமல் பயமுறுத்துகின்றன. மீதி, கிளம்பினால் போதும், நண்பர்கள் தாமாக வந்து சேர்வார்கள் என்று ஆசை காட்டுகின்றன. இரண்டுமே பயணியைக் கெடுக்கின்றன. அதனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: ஐரோப்பியர்கள் ஒட்ட மாட்டார்கள், பக்கத்து வண்டிக்காரர் முகம் கொடுத்துக்கூடப் பேச மாட்டார்.

உண்மை: பேசுவார்கள். ஆனால் முதல் வணக்கம் புதிதாக வந்தவரிடமிருந்து வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஜெர்மனியில் ஏராளமான சிற்றூர்கள் மோட்டார்ஹோம்கள் இரவு தங்குவதற்கென்றே இடம் ஒதுக்கி வைத்திருக்கின்றன. ‘ஸ்டெல்பிளாட்ஸ்’ என்பார்கள். பிரான்சில் அதையே ‘ஏர்’ என்கிறார்கள். தரை பெரும்பாலும் சரளைக்கல்லோ தாரோதான். தண்ணீர்க் குழாய், கழிவு கொட்டும் இடம், சில ஊர்களில் மின் இணைப்பு, அவ்வளவுதான் வசதி. மோசல் ஆற்றங்கரையில் பெர்ன்காஸ்டல்-கூஸ் போன்ற திராட்சை ஊர்களில், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இந்த இடங்கள் நிறையத் தொடங்கும். அந்த நேரத்தில் வந்து நிறுத்துகிறவர் சுற்றியிருப்பவர்களுக்குத் தலையசைத்து வணக்கம் சொல்லிவிட்டால், அன்று மாலைக்குள் யாராவது ஒருவர் பேச்சுக் கொடுப்பார். இருட்டிய பிறகு வந்து, கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டவரை யாரும் தட்டமாட்டார்கள். திரை மூடியிருந்தால் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அந்த மரியாதையைத்தான் நம்மவர்கள் பலர் அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பேச்சு உண்மையில் தொடங்கும் இடம் எது தெரியுமா? கழிவு கொட்டும் இடம். கேட்க ஒரு மாதிரியாக இருக்கலாம், ஆனால் அதுதான் நடப்பு. மோட்டார்ஹோம் கழிவறையின் அடியில் ஏறக்குறைய 18 லிட்டர் கொள்ளும் ஒரு பெட்டி இருக்கும். தனி ஆளுக்கு மூன்று நாலு நாள் தாங்கும். அதைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் திறந்துவிட, வண்டியின் வடிகுழாய் தரையிலுள்ள கம்பிச் சட்டத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். இரண்டு பேராக வந்தவர்களில் ஒருவர் இறங்கி நின்று கை காட்டுவார். தனியாக வந்தவருக்குக் கை காட்ட ஆளில்லை. அப்போது பக்கத்தில் நிற்பவர் தானாக முன்வந்து, இன்னும் கொஞ்சம் இடது, நேரே, போதும் என்று உள்ளங்கையை உயர்த்துவார். பிறகு தண்ணீர்க் குழாயின் திருகு உங்கள் ஹோஸின் முனைக்குப் பொருந்தாது. அவர் தன் பெட்டியைக் கிளறி ஒரு இணைப்பை எடுத்து நீட்டுவார். அதைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது அடுத்த பேச்சு. தனியாக இருப்பது இங்கே குறையே இல்லை. உதவி தேவைப்படுகிறவராக இருப்பதால்தான் கதவுகள் திறக்கின்றன.

மாலையில் அழைப்பு வந்தால் ஒரு வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் நாற்காலியையும் தம்ளரையும் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். வண்டியில் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வைத்திருக்க இடமிருக்காது. ஒயின் குடிக்காதவர் வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தன் தேநீரோடு உட்காரலாம். யாரும் தவறாக நினைப்பதில்லை. ஒரு பொட்டலம் முறுக்கு கொண்டுபோனால், என்ன மாவு என்று தொடங்கும் கேள்வி ஊர், குடும்பம், மழைக்காலம் என்று நீண்டு போகும்.

நம்பிக்கை: இரவில் மயக்க வாயுவை வண்டிக்குள் செலுத்தித் திருடுகிறார்கள், பக்கத்தில் நிற்பவரை நம்பக்கூடாது.

உண்மை: ஐரோப்பிய மோட்டார்ஹோம்காரர்களிடையே பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் கதை இது. தனியாகப் போகிறவர்களை இதைப்போல முடக்கும் கதை வேறு இல்லை. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் அனெஸ்தெடிஸ்ட்ஸ், அதாவது மயக்க மருத்துவர்களின் அமைப்பு, இது நடக்கக்கூடியதல்ல என்று வெளிப்படையாகவே விளக்கம் கொடுத்திருக்கிறது. காரணம் எளிது. ஒரு ஆளை வாயுவால் மயக்க, அவர் மூச்சு விடும் காற்றில் மருந்து போதிய அடர்த்தியில் தொடர்ந்து இருக்க வேண்டும். ஒரு வண்டி முழுவதையும் அப்படி நிரப்ப மிகப் பெரிய அளவு மருந்து வேண்டும். போதாததற்கு, எரிவாயு அடுப்புள்ள மோட்டார்ஹோம்களில் மூடவே முடியாத காற்றுத் துளைகள் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டிருக்கும். ஈதர் என்றால் அதன் நெடியே எழுப்பிவிடும், தீப்பற்றவும் செய்யும். மருத்துவமனையில் ஒரு நிபுணர் பக்கத்திலேயே நின்று அளவைக் கூட்டிக் குறைத்துக் கவனிக்கும் வேலையை, இருட்டில் ஒரு திருடன் ஜன்னல் வழியாகச் செய்து, உள்ளே இருப்பவரை உயிரோடும் விட்டுவிட்டுப் போக முடியாது.

திருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. தூக்கத்திலேயே பொருள் பறிபோனவர்கள் உண்டு. களைத்துப்போய் அயர்ந்து தூங்குகிறவருக்குச் சின்னச் சத்தம் கேட்பதில்லை என்பதே அதற்குப் போதுமான விளக்கம். எச்சரிக்கை தேவைப்படும் இடம் நெடுஞ்சாலை ஓய்விடங்கள். குறிப்பாகத் தெற்கு பிரான்சிலும் ஸ்பெயினிலும். ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கார் பக்கத்தில் வந்து உங்கள் டயரைக் காட்டி நிறுத்தச் சொன்னால் ஆளில்லாத ஓரத்தில் நிறுத்தாதீர்கள். விளக்கும் கூட்டமும் உள்ள பெட்ரோல் பங்க் வரை போய்ப் பாருங்கள். ஸ்பெயின் நெடுஞ்சாலைகளில் இது பழகிப்போன மோசடி. இரவுக்கு ஓய்விடத்தை விட்டு விலகி, பத்து வண்டிகள் நிற்கும் ஊர் ஸ்டெல்பிளாட்ஸுக்குப் போய்விடுங்கள். அங்கே பக்கத்து வண்டிக்காரர்தான் உங்கள் காவல். வாயுவைப் பற்றிப் பயப்பட வேண்டுமானால் கார்பன் மோனாக்சைடைப் பற்றிப் பயப்படுங்கள். சரியாக எரியாத ஹீட்டரும் அடுப்பும் உண்மையிலேயே உயிரை வாங்கும். அதற்கான எச்சரிக்கைக் கருவி வண்டியில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று வாடகைக்கு எடுக்கும்போதே கேளுங்கள்.

நம்பிக்கை: அது ஓய்வுபெற்ற தம்பதியரின் உலகம், தனி ஆளுக்கு, அதுவும் பெண்ணுக்கு, அங்கே இடமில்லை.

உண்மை: தம்பதியர் அதிகம்தான். ஜெர்மனியில் இந்த வண்டியின் கதையே ஒரு தம்பதியிடமிருந்துதான் தொடங்குகிறது. சாட்டையும் பனிச்சறுக்குக் கம்பும் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஆரிஸ்ட் டெத்லெஃப்ஸுக்கு வியாபாரத்துக்காக நாள்கணக்கில் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. மனைவி ஃப்ரீடல் ஓவியர். பிரிந்திருக்க இருவருக்கும் மனமில்லை. கூடவே தங்கி, வரைந்துகொண்டும் போகும்படியாக 1931-இல் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் ஒரு வீட்டை அவர் கட்டினார். அந்த நாட்டின் முதல் கேரவன் என்று அதைத்தான் சொல்கிறார்கள். தனிமை வேண்டாம் என்பதற்காகப் பிறந்த வண்டி அது.

ஆனால் கூர்ந்து பார்த்தால் தனியாக வருகிறவர்களும் எங்கும் தென்படுவார்கள். துணை இறந்த பிறகும் வண்டியை விற்க மனமில்லாமல், இருவரும் போன அதே வழியில் மறுபடி போகிறவர்கள். விவாகரத்துக்குப் பின் முதன்முறையாக ஸ்டியரிங்கைப் பிடித்த பெண்கள். நாயை மட்டும் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள். மடிக்கணினியில் வேலை பார்த்துக்கொண்டே நகரும் இளைஞர்கள். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் தனியாகப் பயணிப்பவர்களுக்கென்றே குழுக்கள் இருக்கின்றன. தம்பதியரே தனி ஆளை விரும்பி அழைப்பதும் நடக்கிறது. மாதக்கணக்கில் ஒருவர் முகத்தையே மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு மூன்றாவது ஆள் ஒரு வரம். கட்டணத்தில் மட்டும் தனி ஆளுக்குச் சலுகை குறைவு. கேம்ப்சைட்டுகளில் செல்லும் ஆக்சி (ACSI) தள்ளுபடி அட்டையின் சீசனல்லாக் கால விலையே இரண்டு பேருக்கென்று கணக்கிடப்பட்டது. ஒருவர் போனாலும் அதே தொகைதான்.

நம்பிக்கை: கேம்ப்சைட்டை விட்டுக் காட்டோரம், கடற்கரையில் நிறுத்தினால்தான் அசல் பயணிகளைப் பார்க்கலாம்.

உண்மை: பல நாடுகளில் அது சட்டப்படி முடியாது. குரோவேஷியாவிலும் ஸ்லோவேனியாவிலும் அனுமதித்த இடத்துக்கு வெளியே வண்டியில் தூங்கினால் அபராதம். ஸ்பெயினில் முறைப்படி நிறுத்திய வண்டிக்குள் தூங்கலாம்; ஆனால் நாற்காலியையோ பந்தலையோ வெளியே விரித்தால் அது முகாம் போட்டதாகிவிடும். நாற்காலி போட முடியாத இடத்தில் பேச்சுக்கு என்ன வழி? அதைவிட, பிரான்சில் 1993 முதல் நடந்துவரும் ‘ஃபிரான்ஸ் பாசியோன்’ ஏற்பாடு எவ்வளவோ மேல். ஆண்டுச் சந்தா கட்டி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால், 2,000-க்கும் மேற்பட்ட திராட்சைத் தோட்டக்காரர்கள், விவசாயிகள், பாலாடைக்கட்டி செய்பவர்கள் தங்கள் நிலத்தில் 24 மணி நேரம் இலவசமாக நிறுத்த விடுகிறார்கள். எதையும் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. வந்ததும் வீட்டுக்காரரைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும் என்பதுதான் முக்கியமான எதிர்பார்ப்பு. சக பயணிகளோடு, அந்த மண்ணின் மனிதர்களும் அறிமுகமாவது இங்கேதான்.

நம்பிக்கை: ஆங்கிலம் தெரிந்தால் எல்லோரோடும் பேசிவிடலாம்.

உண்மை: டச்சுக்காரர்களோடும் நார்வேக்காரர்களோடும் பேசலாம். ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்காரர்களிடமும் இத்தாலியர்களிடமும் பல நேரம் எடுபடாது. பழைய கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர்கள் பள்ளியில் முதலில் படித்த அந்நிய மொழி ரஷ்யன். மொழிபெயர்ப்புச் செயலியும் விரித்த வரைபடமும் இருந்தால் ஒரு மாலைக்குப் போதும்.

நம்பிக்கை: நிறைய நாடுகள் போனால் நிறையப் பேரைச் சந்திக்கலாம்.

உண்மை: நம்மவர்களின் பயணத் திட்டங்களைக் கெடுப்பது இதுதான். ஷெங்கன் விசா ஒன்றே 29 நாடுகளைத் திறந்துவிடுவதால், இரண்டு வாரத்தில் எட்டு நாடு என்று கணக்குப் போடுகிறோம். ஒவ்வொரு நாளும் புதிய இடம். முதல் நாள் நீங்கள் அந்நியர், இரண்டாம் நாள் காலையில் கிளம்பிவிடுகிறீர்கள். பழக்கம் உண்டாவது அந்த இரண்டாம் நாளில்தான். நேற்றுப் பார்த்த முகம் இன்றும் இருக்கிறதே என்ற ஒரே காரணத்தால் மனிதர்கள் நெருங்கி வருகிறார்கள். குளிர்காலத்தில் போர்ச்சுகலின் அல்கார்வேயிலும் ஸ்பெயினின் கோஸ்டா பிளாங்காவிலும் கிரேக்கத்தின் பெலோபொனீஸிலும் வட ஐரோப்பியர்கள் மாதக்கணக்கில் வந்து தங்குகிறார்கள். அங்கே ஒரு வாரம் இருந்தால் இரும்புக் குண்டு உருட்டும் ஆட்டத்தில் உங்களுக்கும் ஓரிடம் கிடைக்கும், சந்தைக்குப் போகிறவர் உங்களுக்கும் ஏதாவது வேண்டுமா என்று கேட்பார். ஆகஸ்டில் நிரம்பி வழியும் கேம்ப்சைட்டில் இது நடக்காது. அங்கே குடும்பங்கள் தங்கள் குடும்பத்தோடுதான் இருக்கும்.

தங்கினால்தான் பழக்கம் என்பதற்கு நான் அறிந்த விதிவிலக்கு நார்வேயின் நோர்ட்காப். E69 சாலை முடியும் இடம் அது, வட அகலாங்கு 71 பாகையைத் தாண்டிய 307 மீட்டர் உயரப் பாறை. மே நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவில் வண்டிகளிலிருந்து எல்லோரும் கம்பளிக்குல்லாயோடு இறங்கி விளிம்புக்கு நடக்கிறார்கள். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டி வந்தவர்கள், அதே தூரத்தை ஓட்டி வந்த இன்னொருவரைப் பார்த்ததும் பேசாமல் இருப்பதில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்து நாட்டைச் சொல்லி, எந்த வழியாக வந்தாய், எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்கிறார்கள். ஓர் இரவே போதுமான இடம் அது ஒன்றுதான். மற்ற எல்லா இடத்திலும் தங்க வேண்டும்.

சுற்றுலா விசாவில் போகும் இந்தியருக்கு அதிகபட்சம் கிடைப்பது 180 நாளில் 90 நாள். பலருக்கு விடுமுறை அதைவிடக் குறைவு. ஆகவே பட்டியலில் உள்ள நாடுகளைப் பாதியாகக் குறையுங்கள். எங்கே நிறுத்தினாலும் இரண்டு இரவாவது இருங்கள், பிற்பகலிலேயே போய்ச் சேருங்கள், இறங்கியதும் முதல் வணக்கத்தை நீங்கள் சொல்லுங்கள்.