ஒரு கணினியில் இரு முறைமைகள்: தொடக்கப் பிழையும் தீர்வும்

ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரு பணிசெயல் முறைமைகளையும் நிறுவிப் பயன்படுத்துவோர் இன்று பலர். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாய் உயர்ந்த வவுனியாவிலும் கணினியியல் கற்கப் புகும் மாணவர்க்கு இவ்விரண்டும் பயன்படுவனவே.

ஒருநாள் கணினி திறவாது நிற்பின், வன்தட்டை முற்றாக அழித்துப் புதிதாய் நிறுவ முற்படுதல் பெருந்தவறாகும். 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வில் சான்றிதழ்களையும் நிழற்படங்களையும் இழந்த குடும்பங்கள் வன்னியிற் பல. அவர்கள் பின்னர் அரிதிற் சேர்த்த படிகள் அவ்வன்தட்டிலேயே இருத்தல் கூடும். கோப்புகள் பெரும்பாலும் தத்தம் இடத்திலேயே இருக்கும். அவற்றை அடையும் வாயிலே அடைபட்டிருக்கும்.

மின்னூட்டியதும் தாய்ப்பலகையிலுள்ள யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் நிலைபொருள் முதலில் விழிக்கின்றது. அது வன்தட்டிலுள்ள சிறு பிரிவொன்றை நாடி, ஆங்குள்ள பூட் லோடர் என்னும் தொடக்கியை அழைக்கின்றது. லினக்ஸில் இது பெரும்பாலும் கிரப் ஆகும். 'எம்முறைமை வேண்டும்?' எனப் பட்டியலிட்டு, தெரிந்ததை இயக்குவது அதன் தொழில். இச்சங்கிலி எவ்விடத்தில் அறுந்தது எனக் காண்பதே முதற்படி.

எதற்கும் முன், நிறுவாமலே இயங்கும் லினக்ஸை யு.எஸ்.பி. மூலம் திறந்து, வேண்டிய கோப்புகளைப் படியெடுத்துக்கொள்க. விண்டோஸ் பிரிவு பிற்லொக்கர் பூட்டுடையதாயின் அதன் மீட்புத் திறவுகோல் எண்ணும் வேண்டும்.

இனி, நோய்க்குறிகளைக் காண்போம்.

1. பட்டியலின்றி விண்டோஸே நேரே திறத்தல்: கிரப் அழிந்ததென முடிவு செய்யற்க. தொடக்க வரிசை மாறியிருக்கலாம். நிலைபொருள் அமைப்பிற் புகுந்து லினக்ஸை முதலில் வைக்க.

2. 'கிரப் ரெஸ்கியூ' எனக் கருந்திரை நிற்றல்: கிரப் விழித்தது; தன் கோப்புகளுள்ள பிரிவைக் கண்டிலது. பிரிவுகளை மாற்றியமைத்தபின் இது நேரும். யு.எஸ்.பி. வழியே லினக்ஸைத் திறந்து கிரப்பை மீள நிறுவுக. லினக்ஸ் பிரிவே நீக்கப்பட்டதாயின், தொடக்க வரிசையில் விண்டோஸை முதலில் வைத்தல் போதும்.

3. பட்டியலில் விண்டோஸ் காணாமை: 2021இல் வந்த கிரப் 2.06 முதல், பிற முறைமைகளைத் தேடும் ஓ.எஸ். புரோபர் இயல்பாய் நிறுத்தப்பட்டுள்ளது. அதனை இயக்கிப் பட்டியலைப் புதுப்பிக்க.

4. பாதுகாப்பு விதி மீறல் என்னும் செய்தி: 2024 ஓகஸ்டில் வெளியான விண்டோஸ் இற்றைப்படுத்தல் ஒன்று, குறைபாடுள்ள பழைய தொடக்கிகளைத் தடுக்கும் விதியை இருமுறைமைக் கணினிகளிலும் புகுத்தியமையால், உலகெங்கும் பலரது லினக்ஸ் திறவாது நின்றது. 2025 மே மாதத்தில் மைக்ரோசொப்ட் இதனைத் திருத்தியது. இந்நிலை நேரின், செக்கியூர் பூட் காவலைச் சிறிதுபொழுது நிறுத்தி, லினக்ஸின் தொடக்கியைப் புதுப்பித்து, காவலை மீண்டும் இயக்குக. காவலை மாற்றுமுன் பிற்லொக்கர் எண் கைவசம் இருத்தல் அவசியம்.

மாணவரே, கணினி நலமாயிருக்கும்போதே மீட்பு யு.எஸ்.பி. ஒன்றை ஆயத்தஞ்செய்து, அரிய கோப்புகளை வேறோரிடத்தும் சேமித்து வைப்பீராக. காரணம் அறிந்தபின் கைவைப்போர்க்கு இப்பிழைகள் பெரும்பாலும் சிறு பொழுதில் தீர்வனவே.