களைத்த நேரத்தில் கணக்குப் போடாதீர்கள்



காலை 7 மணிக்கு, மின்கம்பி ஓரத்துச் செம்பனை மரத்தைப் பார்த்து, 'இது வேணாம், மண்டோரிடம் சொல்லுவோம்' என்று ஒதுங்குகிறார் ஒருவர். அவரே மத்தியானம் 1 மணிக்கு, 'ஒரு குலைதானே, வெட்டிட்டுப் போயிடலாம்' என்று அரிவாள் கட்டிய அலுமினியக் கழியைத் தூக்குகிறார். மரமும் அதேதான், கம்பியும் அதேதான். உடம்பும் மூளையும்தான் களைத்துவிட்டன.

களைப்பு கை கால்களை மட்டும் பிடிப்பதில்லை. யோசித்து முடிவு செய்கிற மூளையின் முன்பகுதியையும் பிடிக்கிறது. 2022இல் பாரிஸ் ஆராய்ச்சியாளர்கள், நாள் முழுதும் கடினமான மூளைவேலை செய்தவர்களைச் சோதித்தார்கள். அவர்கள் மூளையின் முன்பகுதியில் குளுட்டமேட் என்னும் பொருள் கூடியிருந்தது. சிரமமில்லாமல் சீக்கிரம் கிடைக்கும் லாபத்தின் பக்கமே அவர்கள் மனம் சாய்ந்தது. குறுக்குவழி அப்போதுதான் இனிக்கும்.

தோட்டவேலைக்கு மூளை எதற்கு என்று நினைக்காதீர்கள். பழுத்த குலையைப் பார்ப்பது, அது விழும் பக்கம் பார்த்து விலகுவது, சம்பளக் கணக்கு, வீட்டுக் கடன் கவலை, எல்லாமே மூளைக்குப் பாரம்தான்.

தூக்கத்தையும் சொல்ல வேண்டும். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது ஏறியவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 1997இல் காட்டியது. 2020இல் நம் நாட்டுச் சட்டம் வாகனமோட்டிகளுக்கு வரம்பாக வைத்ததும் இதே அளவுதான். விடியற்காலை 4 மணிக்கு எழுந்தவர், பகுதிநேர வேலையும் முடித்து இரவு 9 மணிக்குச் செமினி சாலையில் மோட்டார் ஓட்டினால், குடிக்காமலே குடித்தவர் மாதிரிதான்!

ஆகவே இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. ஆபத்தான வேலையைக் காலையிலேயே, உடம்பு தெம்பாக இருக்கும்போது முடியுங்கள்.

2. எந்த மரத்தைத் தொடக்கூடாது என்பதைக் களைக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். பிறகு அதை மாற்றாதீர்கள்.

3. தண்ணீர் குடியுங்கள். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடையில் 30 நிமிட ஓய்வு வேண்டும் என்பது சட்டம். 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே சாதாரண வேலைநேரம்.

4. உடனடி ஆபத்தைச் சொல்லியும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமை 1 ஜூன் 2024 முதல் உங்களுக்கு உண்டு.

தாய்மார்களே, கடன், தவணைக் காகிதங்களில் ராத்திரி கையெழுத்துப் போட விடாதீர்கள். தூங்கி எழுந்து, காலையில் படித்துப் பார்த்துப் போடட்டும். வெட்டாத குலை நாளைக்கும் மரத்திலேயே இருக்கும். நீங்களும் நாளைக்கு இருக்க வேண்டும்.