ஆணியா, டிரில்லா, ஒட்டுக் கொக்கியா?

வாடகை வீட்டுக்குக் குடிபோன முதல் வாரம் பாட்டியின் படத்தை ஹாலில் மாட்டினேன். ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் ஒட்டுக் கொக்கி. 3 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. படம் 2 கிலோதான். நான்காம் நாள் நள்ளிரவில் சளாரென்று சத்தம். கொக்கியை எடுத்துப் பார்த்தால் பசை அப்படியே இருக்கிறது, அதன் முதுகில் சுவரின் பெயின்ட் தகடாக உரிந்து வந்திருக்கிறது.

அதனால் கடைக்குப் போகுமுன் சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது மலிவு டிஸ்டெம்பர். எந்த ஒட்டுக் கொக்கியும் நிற்காது. எமல்ஷன் அடித்த சுவரில் காலண்டர், சாவிக்கொத்து, சீரியல் லைட் வரை சரி. மழைக்காலத்தில் ஓதம் காக்கும் வெளிச்சுவர் என்றால் அதுவும் வேண்டாம். ஒட்டுக் கொக்கிக்கு ஏற்ற இடம் டைல்ஸ்தான். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டி, ஒரு நாள் கழித்துக் கரண்டியை மாட்டுங்கள். அட்டையில் போட்ட எடையில் பாதியைத்தான் நான் நம்புகிறேன்.

ஆணி மலிவு. ஆனால் சுவரின் சிமென்ட் பூச்சே 12 முதல் 15 மில்லிமீட்டர் இருக்கும். குட்டை ஆணி பூச்சோடு நின்று, சில மாதத்தில் ஆடத் தொடங்கும். ஒன்றரை இன்ச் கான்கிரீட் ஆணி வாங்குங்கள். அடிக்கும் இடத்தில் செல்லோடேப் ஒட்டிக்கொண்டால் பூச்சு பெயர்வது குறையும். படம், கடிகாரம் வரை போதும். சில புது அடுக்குமாடிகளில் சுவர் முழுக்கக் கான்கிரீட். அங்கே ஆணி வளையும், விரல் நசுங்கும்.

அலமாரிப் பலகை, திரைச்சீலைக் கம்பி, கனமான கண்ணாடி என்றால் டிரில்தான், சமரசமே கிடையாது. 3 அடிப் பலகையில் புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் எடை 25 கிலோவைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். 6 மில்லிமீட்டர் பிட், அதே அளவு ராவல் பிளக், பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கும் நீளத்தில் ஸ்க்ரூ. (1911-இல் இந்தப் பிளக்கைக் கண்டுபிடித்தவர் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஆங்கிலேயர்; அவர் பெயர்தான் நம்மூர் ஹார்டுவேர் கடையில் ‘ராவல்’ ஆகிவிட்டது.) துளை பெரிதாகிவிட்டால் தீக்குச்சி செருகிச் சமாளிப்பவர்கள் உண்டு. படத்துக்குச் சரி, புத்தகத்துக்கு ஆகாது. நான்கு விரல் தள்ளிப் புதுத் துளை போடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் மட்டும் துளைக்காதீர்கள். உள்ளே வயர் போகும் பைப் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் இருக்கும். குழாய்க்கும் இதே கதைதான்.

11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு என் சிபாரிசு வேறு: சுவரையே தொடாதீர்கள். ஆங்கிள் ராக் ஒன்று வாங்கினால் ஸ்பேனர் போதும், நீங்களே பூட்டலாம், வீடு மாறும்போது கழற்றிக் கட்டிக்கொண்டு போகலாம். கடையில் பார்க்கக் குடோன் சாமான் மாதிரிதான் இருக்கும். பழைய பருத்திப் புடவை ஒன்றை முன்னால் திரையாகத் தொங்கவிட்டால் ஹாலிலேயே வைக்கலாம். கனமானவை கீழ்த் தட்டில். படங்களை மேல் தட்டில் சுவரோடு சாய்த்து வையுங்கள்.

துளை போட்டே தீரவேண்டும் என்றால் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். காலி செய்யும்போது வால் பட்டி வைத்து அடைப்பது அரை மணி வேலை. பெயின்ட் நிறம் பொருந்தாமல் போவதால்தான் முன்பணத்தில் கை வைப்பார்கள். குடிபோகும் அன்றே பெயின்ட்டின் பெயரையும் ஷேடு நம்பரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.