மான் மேயாத வேலிச் செடிகள்

வன்னியிலும் கிழக்கிலும் காட்டையடுத்துத் தோட்டஞ் செய்யுங் கமக்காரருக்குப் புள்ளிமானும் மரையும் பழகிய பகையாகும். மாரி மழையால் காட்டிற் புல் தழைத்திருக்கும்போது அவற்றின் தொல்லை குறைவு. ஆவணி, புரட்டாதி மாதங்களிற் புல் கருகியதும், கிணற்று நீரிறைத்துப் பச்சையாக வைத்திருக்குந் தோட்டத்தையே அவை நாடி வரும். பயிற்றையும் கீரையும் வத்தாளைக் கொடியும் ஓரிரவில் அழிந்துவிடும்.

இவ்விடங்களில் வேலிகள் பெரும்பாலும் கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை, முள்முருக்கு ஆகிய கதியால்களால் ஆனவை. அவை ஆட்டுக்குக் குழையும் வயலுக்குப் பசளையுந் தரும் நல்ல மரங்களே. ஆயின், ஆடு விரும்புங் குழையை மானும் பெரும்பாலும் விரும்பும். மானைத் தடுக்க நட்ட வேலியே அதற்கு உணவாகிவிடுகின்றது. எனவே காட்டுப்பக்க வேலிக்குச் செடி தெரியுங்கால், மேய்ச்சலில் ஆடு எச்செடியை ஒதுக்கிச் செல்கின்றது என்பதை முதலிற் கவனித்தல் வேண்டும். இது தவறாத சோதனையன்று, ஆயினுஞ் செலவற்றது. செடியை வெட்டி ஆட்டின் முன் இட்டுப் பார்த்தல் மட்டும் ஆகாது. நஞ்சுச் செடியாயின் ஆடு இறக்க நேரிடும்.

இவ்வகையில் முதலிடம் பெறுவது ஆடாதோடை. ஆடு தொடாமையாலேயே அப்பெயர் வந்ததென்பர். இலை மிகக் கசப்பானது. செடி ஆளுயரம் வளர்ந்து பல்லாண்டு நிற்கும். வெட்ட வெட்டத் தழைக்கும். வெட்டிய தழை வயலுக்குப் பசளையாகும். கடுமணமுடைய நொச்சியும் ஏற்றதே. எருக்கு வறண்ட மணலிலும் வளரும். ஆனால் அடர்ந்து நில்லாமையால் தனித்து வேலியாகாது. தேசி முள்ளாற் காக்கும், காயுந் தரும். எனினும் வளரச் சில ஆண்டு செல்லும். அலரியை மான் தீண்டாதாயினும், அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் மாடு கட்டும் இடத்திலும் அதனை நடலாகாது.

ஆடாதோடை, நொச்சித் தடிகளை ஐப்பசி மழை தொடங்கியதும் நடுதல் வேண்டும். ஒன்றரை அடி நீளமான முற்றிய தடிகளை ஓரடி இடைவெளியில் இரு வரிசையாக, முதல் வரிசையின் இடைவெளிக்கு நேரே இரண்டாம் வரிசைத் தடி வருமாறு, இரண்டு கணுக்களேனும் மண்ணுட் புதைய நடுக. புள்ளிமான் வேலியைத் தாண்டுவதிலும் பார்க்கப் பொட்டுக்குள் நுழைவதையே விரும்பும். ஆகையால் வேலியின் உயரத்தைவிட அடிப்பகுதியின் அடர்த்தியே முக்கியம். செடி அடரும்வரை, முதலிரண்டு ஆண்டுகளுக்குப் பனைமட்டையால் அல்லது முள்ளால் அடியை அடைத்தல் வேண்டும்.

கலைமான் தன் கொம்பின் மேற்றோலை உரிப்பதற்கு இளந்தண்டுகளில் உரசும். அதனால் தின்னாத செடியும் பட்டையுரிந்து பட்டுப்போகும். தனித்து நிற்குந் தேசி, மாங்கன்றுகளைச் சுற்றி முட்கூடு அமைத்தல் நன்று.

வேலியோரப் பாத்திகளில் மஞ்சளும் இஞ்சியும் நடலாம். கீரையும் பயிற்றையும் வீட்டருகே இருத்தல் நலம்.

கடும் வறட்சியிற் பசித்த மான் எதனையும் கடித்துப் பார்க்கும். அதற்காகக் கட்டுத்துவக்கும் சுருக்கும் வைப்போர் உளர்; அவற்றில் அகப்படுவது பல வேளை அயலவரின் மாடு, சில வேளை அயலவரே. ஆடி மாதத்தில் ஒரு நாள் வேலியைச் சுற்றி நடந்து, பொட்டு உள்ள இடமெல்லாம் முள்ளிட்டு அடைத்துவிட்டு, ஐப்பசியில் அவ்விடங்களிற் புதுத்தடி நடுதல் வேண்டும்.