உவர் நிலத்தில் நுண்ணுயிர் உரம்

2004-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி எழுந்த கடற்பேரலை, நாகப்பட்டினம் கரையோரத்து வயல்களில் உப்பு நீரைக் கொணர்ந்து நிரப்பிற்று. பேரலை வாராத காலத்திலும், உப்பேறிய கிணற்று நீரைப் பாய்ச்சுவதாலும் வடிகால் தூர்ந்துபோவதாலும் கடைமடை நிலங்கள் உவராவதுண்டு. இத்தகைய நிலங்களில் நுண்ணுயிர் உரத்தால் விளையும் நன்மை எவ்வளவு, அதன் எல்லை யாது என்பதை நிலமுடையோர் அறிதல் அவசியம்.

மண்ணில் உப்பு மிகுந்தால், ஈரம் இருந்தும் வேரால் நீரை எளிதில் உறிஞ்ச இயலாது. சோடியம் பயிருக்குள் சென்று இலை நுனியைக் கருகச் செய்யும். அன்றியும், இவ்வாறு வருந்தும் பயிர் எத்திலீன் என்னும் வாயுவை அளவுக்கு மிஞ்சி உண்டாக்குவதால் வேரின் வளர்ச்சி குன்றும்.

வேரை ஒட்டி வாழும் சூடோமோனாஸ் இனத்துப் பாக்டீரியாக்களுள் சில, எத்திலீனுக்கு மூலமான பொருளைச் சிதைத்துத் தமக்கு உணவாக்கிக் கொள்ளும். அதனால் அவ்வாயு குறைந்து வேர் நீளும். அசோஸ்பைரில்லம் வேர்க் கிளைகளைப் பெருக்கும் ஊக்கிகளைச் சுரக்கும். வேறு சில பாக்டீரியாக்கள் பசை போன்ற பொருளை வெளியிட்டுச் சோடியத்தின் ஒரு பகுதியை வேரண்டை பிடித்து நிறுத்தும்.

ஆயினும், இவை பயிருக்கு உப்பைத் தாங்கும் வலிமை தருவனவேயன்றி, நிலத்து உப்பை அகற்றுவன அல்ல. அகற்ற வல்லது நல்ல நீரும் வடிகாலுமே. கடல் நீர் புகுந்த வயல்களிலும் 2005-ஆம் வருஷத்துப் பருவமழையே உப்பின் பெரும்பகுதியைக் கரைத்து வெளியேற்றியது. வடிகாலைத் திருத்தாமல் பொட்டலத்தை மாத்திரம் நம்புவோர் ஒரு போக விளைச்சலை இழக்க நேரிடும்.

ஆகவே முதலில் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். கார அமிலநிலை 8.5-க்கு மேற்பட்டுச் சோடியம் மிகுந்த களர் நிலமாயின், பரிசோதனையில் கண்ட அளவு ஜிப்சம் இட்டு நீர் கட்டி வடிக்க வேண்டும். உவர் நிலமாயின், வரப்பை உயர்த்தி நல்ல நீரைத் தேக்கி வடித்தால் போதும். பின்னர்த் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும்.

நடவின்போது ஏக்கருக்கு 400 கிராம் அசோஸ்பைரில்லத்தைச் சுமார் 16 லிட்டர் நீரில் கரைத்து, நாற்றின் வேரை 15 முதல் 30 நிமிஷம் வரை நனைத்து நடுக. மேலும் 800 கிராமை 10 கிலோ தொழுவுரம், 10 கிலோ மணலுடன் கலந்து வயலில் தூவுக. சூடோமோனாஸ் ஏக்கருக்கு 1 கிலோ எடுத்துத் தொழுவுரத்துடன் இடலாம். பொட்டலத்தை வெயிலில் வைத்தலும், இரசாயன உரத்துடனோ பூச்சிமருந்துடனோ கலத்தலும் கூடாது. காலாவதித் தேதியையும் பார்த்தே வாங்க வேண்டும். வயலில் ஒரு பாத்தியை உரமிடாது விட்டு வைத்தால், பலனை நேரில் ஒப்பிட்டு அறியலாம்.

ஒருவர் வயலின் உப்பு நீர் அடுத்தவர் வயலில் தேங்குமாயின் இருவர் முயற்சியும் வீணாகும். எனவே பொது வடிகால்களை மழைக்கு முன்னரே தூர் வாரச் செய்வதில் கிராம அதிகாரிகள் கருத்தூன்ற வேண்டும். நீருக்கு வழி திறந்த பின்னரே நுண்ணுயிர் உரம் தன் பயனைத் தரும்.